பின்கட்டுக்கு வந்த கடன்

காரைக்காலில் சின்னப்பள்ளித் தெருவின் வடக்கு வரிசையில் பதினோரு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவு உண்டு. அது ஆண்களுக்கும் வெளியாருக்கும். பெண்களுக்கு வேறு வழி. வீட்டின் பின்கட்டில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில், குனிந்து போகிற உயரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். கிழக்குக் கோடி வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் மேற்குக் கோடி வீட்டில் போய் வாங்கி வரலாம், தெருவில் கால் படாமலே. அந்தக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

அஜீசுன்னிசா பிறந்தது கிழக்குக் கோடி வீட்டில். வாழ்ந்ததும் அதே வீட்டில்தான். அந்தத் தெருவில் வீடு என்பது மகளுக்கு உரியது. மகன் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மகளைத் தேடி மாப்பிள்ளை வருவார். அவளுடைய தகப்பனார் மதார் சாகிப் ரங்கூனுக்குத் தோணி விட்டவர். மகளுக்கு நிக்காஹ் ஆன வாரமே பத்திரம் பதிகிற நொத்தேரிடம் போய், பிரெஞ்சில் பத்திரம் எழுதி வீட்டை அவள் பேருக்கு மாற்றிவிட்டு வந்து, இனிமேல் நான் உன் வீட்டு விருந்தாளி என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தவர். கணவர் முகம்மது இப்ராஹிமுக்குச் சைகோனில் துணிக்கடை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமானோடு வருவார், வந்த சுருக்கில் போய்விடுவார். ஆக, வீட்டையும் மகள் மெஹர் பானுவையும் கட்டிக்காத்தது அஜீசுன்னிசாதான். குர்ஆன் ஓதுவாள், தமிழை அரபு எழுத்தில் எழுதுவாள், நாக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை. அந்த நாக்கு இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் அடித்த புயலை அந்தத் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை. கிளிஞ்சல்மேட்டில் கட்டுமரங்கள் கரையேறி வயலில் கிடந்தன. ஊருக்குள் ஓடு தப்பிய வீடு குறைவு. அஜீசுன்னிசா வீட்டில் முன்கட்டுக்குப் பாதிச் சேதம், பின்கட்டுக்கு முழுச் சேதம். அடுப்படியின் கூரை போயிற்று. அதை ஒட்டிய மணவறையின் கூரையும் போயிற்று. மணவறை என்றால் கல்யாணமாகி வரும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்று ஒதுக்கிய அறை. அவளும் அதில்தான் வாழத் தொடங்கினாள்.

அப்போது மெஹர் பானுவுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை அதே வரிசையில் ஆறாவது வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸின் மகன் ஹமீது. தெரிந்த குடும்பம், தங்கமான பையன். ஆனால் மாப்பிள்ளை வந்து தங்குகிற வழக்கத்தில், கூரையில்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளையை அழைப்பது? மணவறைக்கு ஓடு ஏறட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அஜீசுன்னிசாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. எழுந்தால் ஓடு, படுத்தால் ஓடு.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. புது அரசாங்கம் புயலில் சேதமான வீடுகளைப் பழுதுபார்க்கக் கடன் தருவதாக அறிவித்தது. வட்டி இல்லை என்றதும் ஜமாஅத்தாரும் சம்மதித்தார்கள். பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் வேறு செலவாகிவிடும் என்று யாரோ புத்திசாலி யோசித்திருக்கிறார். அதனால் வேலையை ஒரு காண்ட்ராக்டர் செய்வார். மேரியிலிருந்து ஓவர்சியர் வந்து பார்த்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவார். காண்ட்ராக்டருக்குப் பணம் போகும். வீட்டுக்காரர் மாசாமாசம் திருப்பிக் கட்டவேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லாத திட்டம். மேரி என்பது ஊராட்சி நடத்துகிற அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காலப் பேர். ஆட்சி மாறினாலும் அந்தப் பேரை ஊர் விடவில்லை.

சின்னப்பள்ளித் தெருவுக்குக் காண்ட்ராக்டராக வந்தவன் கபீர். ஜன்னத்துல் பிர்தௌஸின் கூடப்பிறந்த தம்பி, ஆகவே ஹமீதுக்குத் தாய்மாமன். ஹமீதின் தகப்பனார் மவுத்தாகி வெகுகாலம் ஆகியிருந்ததால் அந்த வீட்டில் ஆண் குரல் என்றால் கபீரின் குரல்தான். நம்ம ஆள் வந்துவிட்டான் என்று தெருவே சந்தோஷப்பட்டது. அவனும் ஜோராகத்தான் தொடங்கினான். பதினோரு வீட்டு முன்கட்டுக்கும் புது ஓடு, புதுச் சுண்ணாம்பு. தெருவில் நின்று பார்த்தால் கண்ணைப் பறித்தது.

ஓவர்சியர் பஞ்சநாதன் கோட்டுச்சேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், மிகவும் மரியாதை தெரிந்தவர். இஸ்லாமானவர்கள் வீடு, உள்ளே பெண்கள் இருப்பார்கள் என்று வாசலிலேயே செருப்பை விட்டு, இரண்டு தடவை இருமி, உள்ளே சத்தம் அடங்கிய பிறகு முன்கட்டுக்குள் வருவார். பின்கட்டுக்குப் போகிற வழியில் தொங்கும் திரையைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். அண்ணாந்து முன்கட்டு ஓட்டைப் பார்ப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார். பதினோரு வீட்டுக்கும் அப்படியே போட்டார். மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை கஷ்டமும் வந்திருக்காது.

கையெழுத்து விழுந்ததும் கபீருக்குப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் பின்கட்டை முடிக்கலாம் என்றுதான் அவனும் முதலில் நினைத்தான். அதற்குள் அடுத்த தெருவில் முன்கட்டு வேலை வந்துவிட்டது. அதை முடித்தால் அதற்கு அடுத்த தெருவில் முன்கட்டு. பின்கட்டுகள் கீற்றுக்கூரையில் கிடந்தன, ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகின. பெண்கள் பானையை மாற்றி மாற்றி வைத்தார்கள். சின்னக் கதவுகள் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு யார் வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்பது மனப்பாடம். மேரிக்கு மட்டும் தெரியாது. யார் சொல்வது? ஆண்கள் சைகோனிலும் பினாங்கிலும் இருந்தார்கள். கபீரோ ஒரு வீட்டுக்குத் தம்பி, ஒரு வீட்டுக்கு மச்சான், ஒரு வீட்டுக்கு மருமகன். அவனைப் போய் எப்படிக் காட்டிக்கொடுப்பது? அதனால் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னார்கள். கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள்.

மேரியில் அது வேறுமாதிரிப் படிக்கப்பட்டது. காரைக்கால்காரர்கள் வாங்கினால் திருப்பித் தரமாட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். திட்டத்தை மூடிவிடலாமா என்று பார்க்கக் குஞ்சிதபாதம் என்று ஓர் அதிகாரியைப் புதுச்சேரியிலிருந்து அனுப்பினார்கள். பாக்கி வைத்த வீடுகளுக்கு ஜப்தி எச்சரிக்கை கிளம்பியது. ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் அதைக் கொடுப்பதற்காகப் பஞ்சநாதன் கிழக்குக் கோடி வீட்டுக்கு வந்து, வழக்கம்போல இருமினார்.

திரைக்குப் பின்னாலிருந்து அஜீசுன்னிசா விஷயத்தைக் கேட்டாள். கடனும் கட்டவில்லை, ஜவாபும் இல்லை, இப்படியே போனால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் அஜீசுன்னிசாவுக்கு கோபம் வந்தது. கபீர் வருங்காலச் சம்பந்தி வீட்டு ஆள் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறந்தால் மகளுடைய கல்யாணம் போகலாம். திறக்காவிட்டால் மகளுடைய வீடே போகும். இரண்டையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

“வேலை முடிஞ்சிருச்சுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?”

“நான்தாங்கம்மா. நேர்ல வந்து பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“எதுவரைக்கும் பாத்தீங்க?”

பஞ்சநாதன் திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “இந்தத் திரை வரைக்கும்” என்றார்.

“திரைக்கு இந்தப் பக்கந்தாங்க நாங்க குடியிருக்கோம்.”

அதைச் சொல்லிவிட்டு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சின்னக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, வீட்டில் யாரும் இல்லை, உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் குரல் கொடுத்தாள். பஞ்சநாதன் திரையை விலக்கிக்கொண்டு போனார். அடுப்படியில் கீற்று கறுத்துத் தொங்கியது. மணவறையில் அதுவும் இல்லை. நான்கு சுவர், மேலே ஆனி மாத வானம். கூரையில்லாத அந்த அறையை மெஹர் பானு தினமும் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். அந்தச் சுத்தமான தரையில் கால் வைக்காமல் பஞ்சநாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் நினைத்திருந்தால் பேசாமல் போயிருக்கலாம். தன் கையெழுத்துத் தப்பு என்று ஒப்புக்கொண்டால் வேலைக்கே உலை வைத்துக்கொள்வதுதான். ஆனாலும் அன்றைக்கே குஞ்சிதபாதத்திடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதிகாரி நிதானமானவர், சட்டென்று எதையும் நம்பாதவர். ஒரு வீட்டை வைத்து என்ன சொல்ல முடியும், காண்ட்ராக்டரைக் கேட்டால் வீட்டுக்காரர்கள்தான் கூரையைப் பிரித்து விற்றுவிட்டார்கள் என்பான் என்றார். பிறகு யோசித்து, வரிசை முழுவதையும் பார்க்க முடிந்தால் மூடுவதா சீர்திருத்துவதா என்று முடிவு செய்யலாம் என்றார். பஞ்சநாதன் திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது அவருக்கே நம்பிக்கை இல்லை. பதினோரு வீட்டுப் பின்கட்டுக்குள்ளும் வெளி ஆண் நுழைவதாவது.

அஜீசுன்னிசா சின்னக் கதவுகள் வழியாக வீடு வீடாகப் போனாள். அவள் சொன்ன யோசனை எளிது. தெருவைச் சுற்றவே வேண்டாம். பெண்டுபிள்ளைகள் எல்லாரும் மேற்குக் கோடி வீட்டு மாடியில் போய் இருந்துகொள்வது. அதிகாரி கிழக்குக் கோடியில் நுழைந்து, நாம் போகிற வழியிலேயே வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டு வரட்டும். மறைப்பதற்கு ஆளும் இருக்காது, மறைக்கிற வேலையும் இருக்காது. முதலில் எல்லாரும் தயங்கினார்கள். அந்தக் கதவுகளில் அதுவரை எந்த அந்நிய ஆணும் குனிந்ததில்லை. ஆனால் ஏலம் என்பது எல்லார் தலைக்கும் மேலேயும் தொங்கியது. ஒரு வீடு சம்மதித்தது, அடுத்த வீடு முனகிக்கொண்டே சம்மதித்தது. ஒரு கிழவி மட்டும், என் சட்டிபானையைக் கழுவி வைக்க ஒரு நாள் அவகாசம் கொடு என்று கேட்டாள்.

ஆறாவது வீட்டில் ஜன்னத்துல் பிர்தௌஸ் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்படிக்கும் கீற்றுதான். சொந்தத் தம்பி, கூடப்பிறந்த அக்காவான லாத்தாவுக்கும் முன்கட்டோடு நிறுத்தியிருந்தான். அஜீசுன்னிசா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “என் வீட்டுக் கதவப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன், அஜீசு” என்றாள். வரிசைக்கு நடுவில் இருக்கிற வீடு. அந்தக் கதவு மூடியிருந்தால் அதிகாரி பாதியில் தெருவில் இறங்கவேண்டும், அதோடு கதை முடிந்தது. அஜீசுன்னிசா மேலே வற்புறுத்தவில்லை. தம்பியைக் காட்டிக்கொடு என்று ஒருத்தியிடம் எந்த வாயால் கேட்பது?

ஆடி மாதம் ஒரு காலை அதிகாரி வந்தார். விஷயம் தெரிந்து கபீரும் வந்து, ஆறாவது வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முந்தின நாளே அவன் லாத்தாவிடம் வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அஜீசுன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதிகாரிக்கு ஒரு வீடு முன்னாலேயே போனாள். ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். பின்னால் குஞ்சிதபாதமும் பஞ்சநாதனும் குனிந்து குனிந்து வந்தார்கள். உயரமான அதிகாரி முதல் கதவிலேயே தலையை இடித்துக்கொண்டார். அதன் பிறகு ஒழுங்காகக் குனிந்தார். முதல் வீட்டில் வானம் தெரிந்தது, இரண்டாவது வீட்டில் கீற்று, மூன்றாவதில் கீற்றும் வானமும். அவருடைய முகம் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே வந்தது.

ஐந்தாவது வீட்டில் அஜீசுன்னிசா அடுத்த கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்னால் அதிகாரியின் காலடி கேட்டது. ஒதுங்குவதற்கு இடமில்லாமல் அவள் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எல்லாம் போச்சு என்றே நினைத்தாள். கல்யாணம் போச்சு, வீடு போச்சு, தெருவையும் சேர்த்து அவமானப்படுத்தியாயிற்று. பஞ்சநாதன், வெளியே போய்ச் சுற்றி வந்துவிடலாமா என்று அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டார். அப்போது தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மற்றப் பெண்களோடு மாடிக்குப் போகாமல் ஜன்னத்துல் பிர்தௌஸ் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது, தெருவில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி.

“வாங்க. நல்லா அண்ணாந்து பாருங்க. இது காண்ட்ராக்டர் கபீரோட கூடப்பொறந்தவ வீடு. இதயே இப்படிப் போட்டிருக்கான்னா, மத்தத நீங்களே யோசிச்சுக்குங்க.”

குஞ்சிதபாதம் கூரையைப் பார்த்தார். அதற்கு மேல் உள்ள வீடுகளைப் பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார். பத்தாவது வீட்டில் நின்று, பெண்கள் இருக்கிற பதினோராவதைச் சொன்னபடி நம்பிக்கொள்கிறேன் என்று பஞ்சநாதனிடம் சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார்.

திட்டம் மூடப்படவில்லை. ஜப்தி எச்சரிக்கைகளை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். கபீரைக் கூப்பிட்டு, வாங்கின பணத்துக்குப் பின்கட்டு முழுவதையும் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் இனி இந்த வட்டாரத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது என்றார். புதிதாகக் கடன் கொடுக்கிற வீடுகளில் வேலை பின்கட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ, ஆணோ பெண்ணோ, அவர் பேரில்தான் கடன். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பார்க்காமல் காண்ட்ராக்டருக்கு முழுப்பணம் கிடையாது. ஒரு மழை பெய்து, உள்ளே ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பாக்கி. அதை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒரு பெண் வேண்டுமே என்று அவர் கேட்டபோது பஞ்சநாதனுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. பஞ்சநாதனின் தப்புக்குத் தண்டனையும் அதிலேயே இருந்தது: அந்த அம்மாள் உள்ளே பார்த்துச் சொல்வதை அவர் வாசலில் நின்று எழுதவேண்டும், அவ்வளவுதான். எழுதினதை அவர் வாசித்துக் காட்ட, அஜீசுன்னிசா கீழே அரபு எழுத்தில் தன் பேரைப் போடுவாள். சிறு சம்பளமும் உண்டு. பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று பள்ளிவாசலில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் ஓடு ஏறத் தொடங்கியதும் முணுமுணுப்பு நின்றது.

வெளியே எல்லாம் நன்றாக நடந்தது. அஜீசுன்னிசாவின் நெஞ்சுக்குள் மட்டும் நெருப்பு அணையவில்லை. அதிகாரி வந்துபோன அன்றைக்கே கபீர் நடுத்தெருவில் நின்று, ஹமீதுக்கு அந்த வீட்டுப் பெண் வேண்டாம், தருமபுரத்தில் வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஜன்னத்துல் பிர்தௌஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கதவுக்கு மறுபடி தாழ்ப்பாள் விழவில்லை, ஆனால் அவள் அதைத் தாண்டி வரவும் இல்லை. ஒருநாள் மெஹர் பானு, “நீங்க செஞ்சது சரிதாம்மா” என்றாள். மகள் இப்படிச் சொன்னது அஜீசுன்னிசாவை இன்னும் வாட்டியது. கோபித்துக்கொண்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆவணியில் வேலை தொடங்கியது. கபீர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தான், ஆனால் செய்தான். எந்த வீட்டை முதலில் முடிப்பது என்று கேட்டபோது, தன் வீட்டைக் கடைசியில் போடச் சொன்னாள் அஜீசுன்னிசா. பார்க்கிறவள் வீட்டுக்கு முதலில் ஓடு ஏறினால் தெரு சும்மா இருக்குமா? அதனால் மணவறைக்குக் கடைசி ஓடு ஏறியபோது ஐப்பசி பிறந்து, வானம் கறுத்து நின்றது. மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர்ச் சீமைக்கே உரிய மழை, கொட்டத் தொடங்கினால் ஊரையே மறைத்துவிடும்.

பஞ்சநாதன் குடையோடு தெருவில் வந்து நின்றார். முடிந்தது என்று எழுதினால்தான் அடுத்த வேலை என்பதால் கபீரும் வந்து, குடையில்லாமல் ஒவ்வொரு வாசலாக நின்று, ஒழுகலையே, ஒழுகலையே என்று கேட்டுக்கொண்டிருந்தான். மழை வராதா என்று ஊர் ஏங்கும் காலத்தில் மழையைக் கண்டு பயந்த ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். அஜீசுன்னிசா மேற்குக் கோடியிலிருந்து சின்னக் கதவுகள் வழியாக ஒவ்வொரு வீடாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்ததை வாசல் பக்கம் குரல் கொடுத்துச் சொன்னாள், பஞ்சநாதன் எழுதினார். ஐந்து வீடுகள் காய்ந்த மணலாக இருந்தன.

ஆறாவது வீட்டில் ஜன்னத்துல் பிர்தௌஸ் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாசக்கணக்கில் பேசாத இருவரும் சேர்ந்தாற்போல மேலே பார்த்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே, இரண்டு ஓடு சேருமிடத்தில், ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

“ஒரு சொட்டுதானே, அஜீசு. அவனும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான்” என்றாள் ஜன்னத்துல் பிர்தௌஸ். குரலில் கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை.

சரி என்று சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று அஜீசுன்னிசாவுக்கும் தோன்றியது. ஒரு சொட்டை விட்டுக்கொடுத்தால் ஒரு கல்யாணம் திரும்பி வரலாம். மகளின் முகம் கண்முன்னால் வந்தது. கூடவே இதே அடுப்படியில் சென்ற மழைக்காலத்தில் இந்த லாத்தா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சோறு வடித்ததும் நினைவுக்கு வந்தது. “லாத்தா, இன்னைக்கு நான் ஒரு சொட்ட விட்டா அடுத்த வருஷம் உங்க அடுப்பு நனையும்” என்றாள். வாசல் பக்கம் திரும்பி, இந்த வீடு இன்னும் முடியவில்லை என்று குரல் கொடுத்தாள். கபீர் ஏணியைச் சாத்தி, அந்த மழையிலேயே மேலே ஏறினான்.

மற்ற வீடுகளைப் பார்த்து முடித்து அவள் தன் வீட்டுக்கு வந்தாள். மணவறை வாசலில் கால் தயங்கியது. உள்ளே மெஹர் பானு புதுப்பாயை விரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாயும் காய்ந்திருந்தது, சுவரும் காய்ந்திருந்தது. அஜீசுன்னிசா சுவரில் சாய்ந்து அழுதாள். எதற்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீடு முழுசாகிவிட்டது, அதில் வந்து வாழவேண்டிய மாப்பிள்ளையைத்தான் தானே விரட்டியாயிற்று என்று அழுதாள்.

தெருவிலிருந்து பஞ்சநாதன், உங்கள் வீட்டுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வீட்ட நானே பாத்துச் சொன்னா அது செல்லாதுங்க. வேற யாராவது வந்து பாக்கணும்” என்றாள்.

யார் வருவார்கள் என்று அவளுக்கும் தெரியாது. அப்போது பின்கட்டில் சின்னக் கதவு கிரீச்சிட்டது. கதவுகள் வழியாக அவள் பின்னாலேயே வந்திருந்த ஜன்னத்துல் பிர்தௌஸ் குனிந்து உள்ளே வந்தாள், முந்தானையில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது. ஒருவரையும் பார்க்காமல் மணவறைக்குள் போனாள். நான்கு மூலையிலும் அண்ணாந்து பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்திருந்த மெஹர் பானு எழுந்திருக்கப் போக, அவள் தலையில் கையை வைத்து, இரு என்கிற மாதிரி அமர்த்தினாள். பிறகு முன்கட்டுப் பக்கம் வந்து, திரைக்கு உள்பக்கமே நின்று, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“என் வீட்டுல ஒழுகுனத ஒழுகுதுன்னு சொன்ன வீடு இது. இங்க ஒரு சொட்டு இல்ல. முடிஞ்சிருச்சுன்னு எழுதிக்குங்க. ரஜப் மாசம் இங்க கல்யாணம், என் மகனுக்கு. அதயும் எழுதிக்குங்க.”

மேலே ஏணியில் நின்ற கபீருக்கும் அது கேட்டது. அவன் ஓட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தான். பஞ்சநாதன் தாளைப் புரட்டிப் பார்த்தார். கல்யாணத்தை எழுதுவதற்கு அதில் இடம் எதுவும் இல்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரத்தில் எழுதிக்கொண்டார்.